யோகமலரின் ஓட்டோ கியர் வான்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்க. கியர்பெட்டி வேலை உரத்துச் சொல்லுகிற வேலை இல்லை. இஞ்சின் வேலைக்காரனுக்குச் சத்தத்தைக் கேட்டாலே நோய் தெரிந்துவிடும். தானாகக் கியர் மாற்றுகிற ஓட்டோ கியர்பெட்டிக்குள் நடப்பதோ எண்ணெய்க்கு மட்டும்தான் தெரியும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆரையம்பதியில் கராச் வைத்து இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டது. லீவரை 'D' எழுத்தில் போட்டுவிட்டு, வண்டி நகருமா நகராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எட்டுப் பேர் தள்ளியது

யோகமலர் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளை, ஊர் வெல்லாவெளி. கட்டின மனிசன் கட்டாரில் வேலை. அவர் வாங்கி விட்டுப் போன பழைய ஜப்பான் வானை அவளேதான் ஓட்டுகிறாள். செவ்வாயும் வெள்ளியும் சிறுநீரகம் பழுதான மூன்று பேரை, இரத்தம் சுத்தம் பண்ண மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவாள். அதில் ஒருவர் அவளுடைய தகப்பன், சின்னத்தம்பியர். அவருக்கு மெசினில் பத்து மணி முறை. அது தவறினால் அடுத்த முறை வரும்வரை காலும் வீங்கி, மூச்சும் முட்டிக் கிடக்க வேண்டும். ஆனபடியால் அவளுக்கு வான் நின்றால் எல்லாம் நின்ற மாதிரி.

ஒரு நாள் பட்டரி இறங்கிப் போனது. வயலுக்குப் போக வந்த எட்டுப் பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். கையால் கியர் போடுகிற வண்டி என்றால் பத்தடியில் ஸ்டார்ட் ஆகியிருக்கும். இதிலே கதை வேறு. இஞ்சின் சுற்றினால்தான் பெட்டிக்குள் இருக்கிற பம்ப் சுற்றும். பம்ப் சுற்றினால்தான் எண்ணெய்க்கு அமுக்கம் வரும். அந்த அமுக்கம்தான் கிளச் தட்டுகளை இறுக்கிப் பிடித்து இஞ்சினையும் சில்லையும் சேர்க்கும். செத்த இஞ்சினில் அமுக்கம் ஏது? சில்லு தன் பாட்டில் உருள்கிறது, இஞ்சின் தன் பாட்டில் நித்திரை. கோயிலடி மட்டும் தள்ளிக்கொண்டு போன பிறகு, முன்னுக்கு நின்ற கிழவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "வான் நல்லாத்தான் ஓடுது புள்ள, இஞ்சின்தான் கூட வர மாட்டன் எண்டுது."

உழவு மெசினில் கட்டியது

அதோடு விட்டிருந்தால் பட்டரியோடு போயிருக்கும். அவளுடைய கொழுந்தன் உதவி செய்ய வந்தான். வானின் மூக்கில் கயிற்றைக் கட்டி, உழவு மெசினால் வெல்லாவெளியில் இருந்து என் கராச் மட்டும் இழுத்து வந்துவிட்டான். இஞ்சின் நின்றபடி, பம்பும் நின்றபடி. பின்சில்லு சுற்றச் சுற்ற பெட்டிக்குள் ஒரு பாதி சுற்றுகிறது, அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போகவில்லை. நல்ல மனசோடு செய்கிற பிழைதான் என் கராச்சுக்குச் சோறு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூட்டாளி நாஸர், காத்தான்குடி ஆள். வயர் வேலை எல்லாம் அவர் கைதான். எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து மூக்கடியில் பிடித்தார். செக்கச் சிவந்து இருக்க வேண்டிய எண்ணெய், கோப்பிச் சாயம் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், கம்பியைத் துடைத்து வைத்தார். "அண்ணன், இது ஒயில் இல்ல, ஆரோ புரியாணிச் சட்டிய அடிப்பிடிக்க உட்டிரிக்காங்க."

மூன்று தரம் கழற்றியது

பெட்டியையே மாற்று, இல்லாவிட்டால் கொழும்புக்கு ஏற்று என்று கராச்சுக்கு வந்தவன் போனவன் எல்லாம் சொன்னான். கொழும்புக்குப் போனால் மாதம் ஒன்று போகும். அந்த ஒரு மாதமும் சின்னத்தம்பியர் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு தரம் அப்படிப் போனவரை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்களாம். நான் ஏலாது என்று சொல்லவில்லை. கழற்றினேன். தட்டுகள் புதிதாகப் போட்டேன். வால்வுகள் இருக்கிற அலுமினியப் பலகையை வெள்ளைச் சீலை விரித்துப் பிரித்தேன். பூட்டி முடித்தால் சீலையில் ஒரு இரும்புக் குண்டு மிச்சம், குன்றிமணி அளவு. மறுகா கழற்றினேன். குண்டு போட்ட இடம் பிழை. இரண்டாம் கியர் உதைத்தது. மறுகாவும் கழற்றினேன். மூன்றாம் தரம் வான் கியர் மாறியது எனக்கே தெரியவில்லை.

யோகமலர் பழைய டயரில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்காரி அல்லவா, நானும் வால்வுப் பலகையைக் காட்டி, வயலை வைத்தே சொன்னேன். "பம்ப் எண்டுறது குளம் புள்ள. இந்தக் கீறலெல்லாம் வாய்க்கால். வால்வு மதகு. எந்த மதகு திறக்குதோ அந்தக் கியருக்கு எண்ணெய் பாயும். திற, பூட்டு எண்டு கட்டளை போடுறது கரண்ட்."

"அப்ப கரண்ட் இல்லாமப் போனா, மாமா?"

"ஸ்பிரிங் தள்ளி மூண்டாம் கியர் மதகு தானாத் திறந்திரிக்கும். மெதுவா எண்டாலும் வீடு போய்ச் சேரலாம்."

எங்கள் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவரை வட்டை விதானை என்போம். அவர் வந்து மதகு திறக்கும்வரை காத்திருந்து வாடின பயிர் எத்தனை பார்த்திருப்பாள். சொன்னாள்: "இதச் செஞ்சவன் வட்டை விதானைய நம்பாத ஆள் போல."

பாலத்தடியில்

அந்த மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை யோகமலரிடம் இருந்து போன் வந்தது. வரும் வழியில் தெருவை மூடி வெள்ளம். அதுக்குள்ளால் வந்ததில் கியர்பெட்டி வயருக்குள் தண்ணீர் போய், கட்டளை எல்லாம் தாறுமாறு. ஒன்றில் இருந்து நாலுக்குப் பாய்கிறது, நாலில் இருந்து ஒன்றுக்கு உதைக்கிறது. பின்னுக்கு இருக்கிற மூன்று பேரும் ஆளோடு ஆள் மோதுகிறார்கள். வாவிப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டடியில், அந்தப் பக்கம் நிற்கிறேன் என்றாள். "அசையாத புள்ள, நாங்க வாறம்" என்று சொல்லிவிட்டு, நாஸரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். மணி எட்டரை தாண்டிவிட்டது.

பாலத்தின் இந்தப் பக்கம் நாங்கள் போய்ச் சேரவும், மேலே ஒரு வானின் பின்பக்கம் தெரிந்தது. முதலில் பின்கண்ணாடி, மறுகா கூரை, மறுகா முழு வானும். பின்பக்கமாகவே பாலத்தில் ஏறி, பின்பக்கமாகவே எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வானின் மூக்குக்கு எதிரே, அதைத் தொடர்ந்து வந்த ஒரு லொறிக்காரன் விளக்கைப் போட்டு, மற்ற வாகனங்களை மறித்துப் பிடித்தபடி ஊர்ந்து வந்தான்.

கீழே தட்டையான தெருவில் நிறுத்தினாள். கண்டபடி உதைத்த கட்டளையை நிறுத்த, கியர் கொம்பியூட்டரின் பியூசைக் கழற்றியிருக்கிறாள். பெட்டி மூன்றில் நின்றுகொண்டது. ஆனால் நின்ற இடத்தில் இருந்து மேடு ஏற மூன்றுக்குச் சக்தி போதவில்லை, வானைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றிவிட்டாள். என்ன துணிவில் பின்பக்கம் ஏறினாய் என்று கேட்டேன்.

"ரிவேர்ஸ் மதகு லீவரோடதானே இழுபடுது, மாமா, நீங்க பூட்டக்குள்ள பாத்தன். அதுக்குக் கரண்ட் வேணுமெண்டு நீங்க சொல்லல்லியே."

நாற்பது வருசத்தில் எனக்கு வராத யோசனை. மூன்றைவிட ரிவேர்சுக்கு இழுவை அதிகம் என்பதும் சரி, லீவர் கேபிள் நேரே வால்வைத் தள்ளும் என்பதும் சரி. சின்னத்தம்பியர் யன்னலால் தலையை நீட்டினார். முகம் ஊதியிருந்தது, குரலில் குறைவில்லை: "வந்த தெருவப் பாத்துக்கிட்டே போறன் மனே, பத்து மணிக்குப் போய்ச் சேந்தாச் சரி."

யோகமலர் வானை அந்தத் தட்டையிலேயே கிறுக்கித் திருப்பி எடுத்தாள். கழற்றின பியூசை என் உள்ளங்கையில் வைத்து, "வரக்குள்ள வாங்குறன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் கியரில் மெல்ல மெல்ல வேகம் பிடித்து ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டாள். கியர்பெட்டி வேலைக்காரன் ஒருவன், வயர் வேலைக்காரன் ஒருவன், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பியூஸ், திருத்துவதற்குத்தான் வண்டி இல்லை.