முன்னங்கையில் ஒரு ப்ரூஃப்

இன்றைக்குச் சிவப்பு. நேற்று நீலம் ஒட்டியிருந்தான். கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு முத்தமிழ் செய்கிற முதல் வேலை, முந்தின நாள் ஸ்டிக்கரை இடது முன்னங்கையிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று உரித்தெடுப்பது. கூடவே நாலு முடியும் வரும். அப்புறம் பைக் நம்பர் பிளேட்டுக்கு வெட்டுகிற அதே தாளில், இன்னொரு தினுசு எழுத்தில், ‘சசிகலா’ என்று வெட்டி அதே இடத்தில் ஒட்டிக்கொள்வான். கையை நீட்டிப் பார்ப்பான். மடக்கிப் பார்ப்பான். எதிர்க்கடையில் டீ குடிப்பவர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, “எழுத்து கொஞ்சம் குண்டா இருக்கோ?” என்று கேட்பான். அவர்களும் பாவம், முதல் வருஷம் உண்மையாகவே கருத்துச் சொன்னார்கள். இப்போது கையைப் பார்க்காமலே “சூப்பர்ணே” என்கிறார்கள்.

சசிகலா அவன் மனைவி. அவள் பெயரைப் பச்சை குத்திக்கொள்வதற்கு முன்னால் நன்றாக யோசிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. நல்ல கட்சிதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் கல்யாணமான புதிதில் யோசிக்க உட்கார்ந்தவன், மகள் எல்.கே.ஜி.க்குப் பை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இந்த யோசனையைப் படிப்பில் காட்டியிருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனுக்கு ஃபிளெக்ஸ் கடை. காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். ஒருமுறை அஞ்சலி பேனரில் செத்துப்போனவர் படத்துக்குப் பதிலாக அவர் தம்பி படத்தை அடித்துக் கொடுத்துவிட்டான். தம்பி கல்லுக்குண்டு போல உயிரோடிருக்கிறார். தன் பேனருக்குக் கீழேயே நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார் மனிதர். விஷயம் தெரிந்ததும் நேரே கடைக்கு வந்து முத்தமிழைக் கும்பிட்ட விதம் வேறு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து, மாதிரி ப்ரூஃபைத் தாளில் எடுத்து நீட்டி, வாடிக்கைக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் எதையும் அச்சடிப்பதில்லை. “ஃபிளெக்ஸுக்கே இப்புடி. அதாச்சும் நாலு நாளைக்கிப் பொறவு ஆட்டுக் கொட்டாய் மேல போயிரும். கைய எங்க கொண்டுபோயிப் போடுறது?” என்பான். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதுதான் அவனுக்கு வசதி.

தன் கட்சிக்குச் சாட்சியாகக் கூட்டாளி ராஜேஷை இழுப்பான். ராஜேஷ் காலேஜ் படிக்கும்போது வேணி என்று ஒரு பெண்ணின் பெயரைக் கையில் குத்திக்கொண்டான். வேணி துபாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். தனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ராஜேஷ் அவசரமாகப் போய் அந்தப் பெயருக்கு மேலே பெரிதாக ஒரு வேல் குத்தி மூடினான். வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, முருக பக்தர் என்று உருகிப்போய், செவ்வாய்க்கிழமை கறி மீனை நிறுத்திவிட்டாள். இப்போது கிருத்திகையும் சேர்ந்துகொண்டது. “பாத்தியா, ஒரு நிமிசம் யோசிச்சிருந்தான்னா இன்னைக்கி குடல் கொழம்பு தின்னுருப்பான்” என்று முத்தமிழ் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு ஞானம் வழியும்.

சும்மா சொல்லக்கூடாது, விசாரிக்கிற விஷயத்தில் ஆள் கெட்டி. ஊசி புதுசா, மை எந்த ஊரிலிருந்து வருகிறது, கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்களா, சுகர் உள்ளவன் குத்திக்கொள்ளலாமா, குத்தின பிறகு எவ்வளவு காலம் ரத்த தானம் கூடாது, எல்லாம் அத்துப்படி. சுகர் இருக்கிறதா என்று டெஸ்ட்கூட எடுத்துப் பார்த்தான். இல்லை என்று வந்தது. ஒரு நல்ல காரணம் கைநழுவிப் போன வருத்தம் அவனுக்குள் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. அரியலூரில் டாட்டூ கடை வைத்திருக்கும் அஜித்குமார், இவன் பைக் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து குரல் கொடுப்பான்: “வாங்கண்ணே, இன்னைக்கி என்ன டவுட்டு?”

சசிகலா யோசிக்கவில்லை. கல்யாணமான மறுமாசம் சிறுவாச்சூரில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், தெருவோரம் பச்சை குத்துகிறவனைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், கையை நீட்டினாள். முத்தமிழ் பார்க்கிங்கில் வண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் பெயர் அவள் கையில் ஏறிவிட்டது. கோணல்மாணலான எழுத்து. கடைசி எழுத்தின் புள்ளி மணிக்கட்டுப் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துக் கண்கலங்கிப்போய், “நானும் ஒம் பேரக் குத்திக்கிறேன். கொஞ்சம் நல்ல எழுத்தாப் பாத்துட்டு” என்றான் முத்தமிழ். அந்தக் கொஞ்சம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விசேஷ வீடுகளில் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிற பெண்கள் கேட்பார்கள்: “ஒங்க வூட்டுக்காரரு கையில எங்கடி?” அவள் சிரித்துக்கொண்டே, “பாத்துக்கிட்டு இருக்காருக்கா” என்பாள். வருஷக்கணக்காக அதே சிரிப்பைச் சிரிக்க வாய் என்ன ரப்பரா? தன் பெயரைக் கையில் தாங்க இந்த மனுஷனுக்கு மனசில்லையோ என்று அவளுக்குள் ஒரு முள் ஏறியிருந்தது. அவனுக்கு அது தெரியாது. பார்ப்பதற்கு எழுத்து இருக்கும்போது அவன் ஏன் முகத்தைப் பார்க்கப்போகிறான்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கீழப்பழுவூரில் சசிகலாவின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்டாமல் முத்தமிழ் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினான். நல்ல மனசு. வெயிலும் வேர்வையும் சேர்ந்து, அன்றைக்கு ஒட்டியிருந்த பச்சை நிற ஸ்டிக்கர் எப்போது கழன்றதோ, எங்கே விழுந்ததோ, அவன் கவனிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் சசிகலாவின் பெரியப்பா சோற்றைப் பிசைந்தவர், கறிவேப்பிலை என்று எடுத்து ஒதுக்கப் பார்த்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, சத்தமாக வாசித்தார். பந்தி மொத்தமும் வாசித்தது. “அடியே சசிகலா, ஒம் பேரு சாம்பார்ல கெடக்குதுடி!” என்று அண்ணி கத்தினாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். முத்தமிழும் சிரித்தான். சசிகலா தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தாள்.

“இதுக்கு மேல ஒரு மயிலிறகு போட்டுக் குடுங்க மாமா. நாளைக்கிக் குத்திக்கப் போறேன். பேரு தெரியக்கூடாது.”

முத்தமிழ் விளையாட்டு என்றுதான் நினைத்தான். அவள் முகம் விளையாட்டாக இல்லை. என்ன பேசுவது என்று தெரியாதபோது வேலை பார்க்கிற ஜாதி அவன். அவள் கையைப் படமெடுத்துத் திரையில் ஏற்றினான், மயிலிறகை மேலே இழுத்து வைத்தான். முத்தமிழ் என்கிற பெயர் எழுத்தெழுத்தாக உள்ளே போனது. கடைசிப் புள்ளி மட்டும் இறகுக்கு வெளியே நின்றது. அதற்கும் ஒரு நீலத்தை வைத்து மூடினான். பிரிண்ட் எடுத்து, பழக்கதோஷத்தில் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான். வாய் வேறு சும்மா இருக்காமல், “நல்லா யோசிச்சியா?” என்றது.

அவ்வளவுதான். அவள் தாளை ஒதுக்கினாள். அவன் இடது கையைப் பற்றி இழுத்தாள். அன்றைய ஆரஞ்சு ஸ்டிக்கரைப் பிய்த்தெறிந்துவிட்டு, சிவந்து கிடந்த அந்த இடத்தில், மகளிர் குழுவில் போடுகிற அதே கையெழுத்தைப் பேனா அழுந்தப் போட்டாள். அடியில் ஒரு கோடும் இழுத்தாள். அது வழுக்கி மணிக்கட்டு வரைக்கும் ஓடியது.

“ஊரு ஒலகத்துக்கிட்டயெல்லாம் கையெழுத்து வாங்குறீங்கல்ல. இந்தாங்க, நான் ஓகே பண்ணிட்டேன். குத்தணும்னா குத்திக்குங்க, இல்லாட்டி சோப்புப் போட்டுக் கழுவிக்குங்க. நாளைக்கி விடிஞ்சா நான் போயி இத மூடிருவேன்.”

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

முத்தமிழ் ஷட்டரை இழுத்துவிட்டான். டீக்கடையில் ஒருத்தன் வழக்கம்போல “சூப்பர்ணே” என்றது காதில் விழவில்லை. அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே, வேர்வை பட்டு மை கரைந்துவிடக் கூடாதே என்று இடது கையைச் சட்டையில் உரசாமல் தூக்கிப் பிடித்தபடி, ஒற்றைக் கையால் பைக்கை ஓட்டிக்கொண்டு போனான். எதிரே வந்தவர்களெல்லாம் தங்களைத்தான் நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து பிரேக்கைத் தொட்டார்கள்.

“வாங்கண்ணே, இன்னைக்கி என்ன டவுட்டு?” என்றான் அஜித்குமார்.

முத்தமிழ் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. அஜித்குமார் நம்பமுடியாமல் பார்த்துவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, பேனாக் கிறுக்கலைத் துடைக்கக் குனிந்தான். முத்தமிழ் வெடுக்கென்று கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

“அத அழிக்காத தம்பி. அது மேலயே குத்து.”

“கோடு கோணலா போவுதுண்ணே.”

“போவட்டும்.”

மறுபடி கையை நீட்டி வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.