வாசலில் காலணி கழற்றிய விண்வெளி வீரர்

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50. அல் குசைஸில் என் மளிகைக் கடை வாசலிலிருந்து பிக்கப்பைக் கிளப்பினேன். பக்கத்து இருக்கையில் முத்தையா அண்ணன். கமுதிக்காரர், வயது அறுபத்திரண்டு. கட்டடங்களுக்குப் பலகையடிக்கும் தச்சராக முப்பத்து நான்கு வருடம் இந்த வளைகுடா நாட்டில் உழைத்தவர். விசாவை ரத்து செய்தாகிவிட்டது. வியாழக்கிழமை மதுரைக்கு விமானம், ஒரேயடியாக. நான் ஜமால், கீழக்கரை. நாங்கள் கிளம்பியது புஜைரா மலைக்குள், ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைப் படமாக்கிய இடத்தை ஒரு சுற்றுலாக் குழுவோடு பார்க்க.

தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பதினோராம் கதவு’. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஆங்கிலத் தொடர். வாரம் ஒரு விஞ்ஞானக் கதை. இந்த வாரம் வந்த ஆட்கள் அடுத்த வாரம் இருக்கமாட்டார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் தலையில் ஒரு போடு போட்டுவிட்டு முடியும். பையனாக இருந்தபோது வாய் பிளந்து பார்த்தது. போன வருடம் எல்லாக் கதைகளையும் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் மறுபடி பார்த்தேன். பாதிக் கதைகள் இன்று கந்தல். ஒரு கதை மட்டும் நிற்கிறது. வேற்றுக் கிரகத்தில் தனியாக இறங்கிய வீரர் பாறைகளுக்கு நடுவே ஒரு கோயிலைக் காண்கிறார். வாசலில் நின்று, காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போகிறார். அவ்வளவுதான் முடிவு. எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சோப்பு வாங்க வந்த முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்து, “அட, இது நாந்தேன்” என்றார். நான் சிரித்தேன். கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும் என்று வேறு சொன்னேன். மனிதர் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காட்சியில் வரும் அந்த வெறுங்காலை அன்றிரவு நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகுதான், அவர் சொன்னது நிஜம் என்று எனக்கு உறைத்தது. மறுநாள் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

6.45. தைத். குசைஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கஃப்டீரியாவில் ஹாரன் அடித்ததும் வண்டிக்கே கரக் டீ வந்தது, கோப்பை இரண்டு திர்ஹாம்.

“அண்ணே, அங்கே போய் வாயைத் திறந்து பேசணும். பேசாம நின்னுடாதீங்க.”

“என்னத்தப் பேச? முப்பது வருசமா பேசித்தேன், ஊருல ‘ராக்கெட்டு முத்தையா’ன்னு பேரு வாங்கிருக்கேன். மருமகன் வீட்டாளுக வந்தா, ‘மாமா, நிலாவுல வெயிலு எப்புடி’ங்குறாக. எம்மவ செல்வி, ‘அப்பா, அதச் சொல்லாதப்பா, மானம் போகுது’ங்குறா. இனி அந்த வீட்டுலதான் போயி உக்காரணும் தம்பி, பொய்க்காரனா.”

நான் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

7.50. மசாபி. தைதிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், ஆனால் வாரம் ஏழு நாளும் கம்பளமும் மாம்பழமும் விற்கிறார்கள். சுற்றுலாக் குழு அங்கேதான் கூடியது. ஆளுக்கு நூற்றைம்பது திர்ஹாம். எங்களோடு சேர்த்து ஒன்பது பேர், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வழிகாட்டி ரேஷ்மா, முப்பது வயதிருக்கும். அப்பா அம்மா திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது ஷார்ஜா. இந்தத் தொடருக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். நான் தமிழில் பேசியதும், “வாவ் அங்கிள், தமிழ் ஃபேன்ஸ் ஃபர்ஸ்ட் டைம்!” என்று உண்மையாகவே மகிழ்ந்தாள்.

8.40. புஜைரா சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போய், இடதுபுறம் மண்பாதையில் திரும்பி, தண்ணீரில்லாத ஓடையில் இருபது நிமிடம் நடை. துருப்பிடித்த நிறத்தில் இரண்டு பக்கமும் மலை. செடி இல்லை, நிழல் இல்லை. வேற்றுக் கிரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கோயில் இருந்த இடத்தில் இப்போது சமதளமாக ஒரு பாறை மட்டும்.

ரேஷ்மா அந்தக் காட்சியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். உயர்த்திப் பிடித்து விளக்கினாள். காலணியைக் கழற்றுவது கதைக்குறிப்பில் கிடையாதாம். நாயக நடிகர் அந்தக் கணத்தில் தானாகச் செய்தாராம். “அந்தக் காலைப் பாருங்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். “வெள்ளைக்காரரின் கால் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கிரகம் அவரைத் தன்வசமாக்கத் தொடங்கிவிட்டது. ரசிகர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.” எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

என்னால் முடியவில்லை. நான் சண்டைக்காரன்தான், என் மனைவி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. “ஏம்மா, முப்பது வருஷமா ஒரு கறுப்புக் காலைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு, கிரகம் பண்ணுன வேலைன்னு எழுதுறீங்களே! கறுப்பா ஒருத்தன் கால் இருக்கும்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல? அது கமுதிக்காரர் கால்! இந்தா நிக்கிறாரு!” என்று கத்தினேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது. நெட்டையான ஒரு வெள்ளைக்காரர் பயந்து இரண்டடி பின்வாங்கினார்.

ரேஷ்மாவின் முகம் சுருங்கியது. “அங்கிள், ஸ்டோரி சூப்பர். பட் ப்ரூஃப்?”

அப்போதுதான் முத்தையா அண்ணன் முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை.

“நீ நிக்கிற எடத்துலதேன் வாசப்படி இருந்துச்சும்மா. பலகையில அடிச்சு, மேல சிமிட்டி பூசுனது. நாங்க ஆறு பேரு, கம்பெனி அனுப்புன ஆளுக. நாலு நாளு வேல. கடைசி நாளு அந்த நடிகரு வெயிலு தாங்காம வாந்தியெடுத்து விழுந்துட்டாரு. நான் அவரு ஒசரம். ஃபோர்மேன் ஒரு பாகிஸ்தான் பட்டாணி, அவன் ‘முத்து, ஜல்தி’ன்னான். அவரு போட்டிருந்த வெள்ள உடுப்ப, மூஞ்சிய மறைக்கிற தொப்பியோட எனக்கு மாட்டி விட்டாக. நேரா உள்ள நடன்னாக, அம்புட்டுத்தேன். கிட்டக்க போயிப் பாக்குறேன், உள்ள ஒரு கல்லு நட்டு, முன்னால வெளக்கு ஏத்தி வச்சிருக்காக. எப்புடி மிதிச்சுக்கிட்டுப் போறது? பூட்ஸு பெருசு, உருவுனதும் கழண்டுக்கிச்சு.”

அவள் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள்.  நெட்டை மனிதர் ஏதோ கேட்டார். அதை அவள் தயங்கிக்கொண்டே தமிழில் கேட்டாள்: “பட் அங்கிள், நீங்கதானே பில்டு பண்ணீங்க? பிளைவுட்னு தெரியும்ல?”

“தெரிஞ்சா என்ன? நெசக் கோயிலயுந்தான் கொத்தனாரு கட்டுறாரு. கட்டுன கொத்தனாரு செருப்போட போறாரா?”

 ரேஷ்மா தன் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். அவள் கையும் அதே நிறம்தான். “நான் எப்படி இதை மிஸ் பண்ணேன்?” என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஒரே ஆரவாரம். எல்லோரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். “அங்கிள், ப்ளீஸ், ஒரே ஒரு தடவை, அதே மாதிரி ஷூவைக் கழட்டிட்டு நடங்க. வீடியோ எடுத்தா உலகமே நம்பும்” என்றாள் ரேஷ்மா. நானும் முட்டாள்தனமாக, “பண்ணுங்கண்ணே!” என்றேன்.

முத்தையா அண்ணன் அந்தப் பாறையைப் பார்த்தார். “முடியாதும்மா. அன்னைக்கு உள்ள சாமி இருக்குன்னு நெனச்சேன், கழட்டுனேன். இன்னைக்கு இங்க யாரு இருக்கா? ஒங்க போனுக்காண்டி கழட்டவா?” சொல்லிவிட்டு சேஃப்டி ஷூ காலோடு பாறை மேல் ஏறி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து இறங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. நெட்டை மனிதர் மட்டும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

9.35. ரேஷ்மா பாறையில் உட்கார்ந்து தன் இணையப் பக்கத்தைத் திறந்தாள். நல்லவேளை, அங்கே சிக்னல் இருந்தது. அந்தக் காட்சிக்கு நேரே இருந்த நடிகர் பெயரை எங்கள் கண் முன்னால் அழித்தாள். “ஃபுல் நேம் சொல்லுங்க அங்கிள்.”

“முத்தையா. தகப்பன் பேரு கருப்பையா. ஊரு கமுதி. ஊரயும் போடு.”

“ஆக்டர்னு போட்டுடவா?”

“அது வேணாம். நான் நடிக்கல. கும்பிடப் போனேன். அப்படியே எழுது.”

அவளுக்குத் தமிழ் எழுத வராது. நான் எழுத்தெழுத்தாகத் தட்டிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. முத்தையா அண்ணன் கண்ணாடியைப் போட்டு, தமிழ் வரியை இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். அதை மகளுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். போதாதென்று என் கைப்பேசியை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளுக்குக் குரல் பதிவாக, மலை கேட்கப் பேசினார்:

“ஏத்தா செல்வி, அப்பன் பேரு போட்டுட்டாக. மாப்ளையக் கூப்பிட்டுச் சத்தமா வாசிக்கச் சொல்லு. வியாழக்கெழம நான் வந்து எறங்குறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் வாசிச்சு முடிச்சிருக்கணும்.”