சத்தம் போடாத பிரிண்டர்

உங்களில் மூத்தவள் பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த கரும்புப் பருவத்தில், நான் வேலை பார்த்த சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்பதுகளின் கடைசி. வில்லியனூர்ப் பக்கத்தில் நாங்கள் அதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்ததோடு சரி. ஏசி வைத்த ஓர் அறையில் கண்ணாடிக் கதவு போட்டு அதை வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கிருந்து எடைமேடைப் பக்கம் நான் உட்காரும் அறைக்கு ஒரு ஒயர் இழுத்து, ஒரு திரையும் ஒரு பிரிண்டரும் வைத்துக் கொடுத்தார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி எடைமேடையில் ஏறி நிற்கும். வண்டி நம்பரையும் எடையையும் நான் கீபோர்டில் அடிப்பேன். வண்டி உள்ளே போய்க் கரும்பைக் கொட்டிவிட்டு, காலியாகத் திரும்பி வந்து இன்னொரு முறை ஏறும். அந்த எடையையும் அடிப்பேன். முதல் எடையில் இதைக் கழித்தால் கரும்பின் எடை. முன்பெல்லாம் அங்கேயே கையால் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு சீட்டு மறுநாள் காலையில்தான் மொத்தமாக வரும். அதைக் காட்டித்தான் கரும்புக்குப் பணம் வாங்க முடியும்.

கம்ப்யூட்டர் தான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாகச் சொல்லி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். உங்களுக்கு அது தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பிரிண்டரில் அந்த லாக்தான் வந்துகொண்டே இருக்கும். திரையைத் திறந்தேன், கோப்பைத் திறந்தேன், எடை வந்தது, எழுதினேன், கோப்பை மூடினேன். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, வரிக்கு வரி ஒட்டிக்கொண்டு. ஒரு வண்டிக்கு ஒரு முழம் காகிதம் கிர்ரென்று கத்திக்கொண்டு ஓடும். பச்சைக் கோடு போட்டு, ஓரத்தில் ஓட்டை உள்ள காகிதம். பின்னாளில் உங்கள் நோட்டுகளுக்கெல்லாம் நான் அட்டை போட்டது அதில்தான். உங்கள் அம்மா அதை அலமாரித் தட்டில் விரிப்பாள், மிளகாய் காய வைப்பாள்.

ஒருநாள் ஒரே நம்பரில் இரண்டு வண்டி பதிவாகிவிட்டது. கம்ப்யூட்டர் அதைச் சொல்லத்தான் செய்தது. ஆனால் கோப்பைத் திறந்தேன், கோப்பை மூடினேன் என்பதற்கு நடுவில் அதே எழுத்தில் சொன்னது. யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் ஒருவருக்குச் சீட்டே வரவில்லை. அதைச் சரிசெய்ய மதியம் வரை ஆனது.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் இளம்பெண். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மேடம், இது எல்லாத்தையும் சொல்லுது. எது முக்கியம்னு சொல்ல மாட்டேங்குது."

"எது வரணும், எது வேணாம்னு நாமளே வச்சிக்கலாம் சார். உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க."

"தப்பு நடந்தா மட்டும் சொன்னா போதும்."

அப்படியே செய்து கொடுத்தார். மறுநாள் காலையிலிருந்து பிரிண்டர் அமைதியாகிவிட்டது. எனக்கு மகிழ்ச்சிதான்.

அன்றைக்குத்தான் உங்கள் பெரிய மாமாவின் கடைசி மூன்று வண்டிகள் வந்தன. பண்டசோழநல்லூரில் குத்தகைக்கு நிலம் பிடித்து, அவர் முதல் முறையாகக் கரும்பு போட்டிருந்தார். அதற்கு முன் போன வண்டிகளின் பணம் குத்தகைக்கும் உரத்துக்கும் சரியாகப் போயிருந்தது. அவருக்கென்று ஏதாவது நின்றால் அது இந்த மூன்று வண்டியில்தான். சாயங்காலத்தோடு ஆலையைச் சுத்தம் செய்ய நிறுத்துவதாக இருந்தார்கள். அதற்குள் உள்ளே போகாவிட்டால், வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்து எடை இறங்கிவிடும்.

முதல் வண்டியை அவரே ஓட்டி வந்து மேடையில் ஏற்றினார். நான் அடித்து முடித்தேன். திரை காலியாகி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தது.

"ஆச்சி மச்சான். வண்டிய எடுங்க."

அவர் அசையவில்லை. பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, இது கத்தலியே."

"இனிமே கத்தாது. தப்பு நடந்தாத்தான் கத்தும்."

"நல்லா நடந்தா?"

"சும்மா இருக்கும்."

"ஒயரு அறுந்திருந்தா?"

அப்போதும் சும்மாதான் இருக்கும். இத்தனை நாளாக வண்டிக்காரர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மாட்டைத் தட்டினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியே. பச்சையா ஒரு கோடு கண்ணடிக்குது, அவ்ளோதான்."

"கணக்கு உள்ள போயிடுச்சி மச்சான். வேணும்னா நான் எழுதித் தரேன்."

"நீ எழுதி இன்னா ஆவறது? நாளிக்கி சீட்டு குடுக்கறது நீயா, அதுவா? அதுல ஏறாம நான் பாட்டுக்குக் கொண்டுபோயி கொட்டிட்டா, அந்தக் குவியல்ல எங் கரும்பு வந்து சாட்சி சொல்லுமா?"

பின்னால் நின்ற பாகூர் வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "இன்னாபா, மேடையிலயே பொங்கல் வெக்கப் போறியா? பொண்ணு குடுத்த எடத்துல கணக்குப் பாக்காத, எடு."

"பொண்ணு குடுத்ததாலதான்பா பாக்கறேன்" என்றார் மாமா.

வரிசையில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் யார்டு மேஸ்திரி வந்து, "எடுக்க இஷ்டம் இல்லன்னா எறக்கி கடைசில நிறுத்துங்க, அடுத்தது வரட்டும்" என்றார். கடைசியில் நிறுத்தினால் மூன்று வண்டியும் வெளியே நின்றுவிடும். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் கெஞ்சிவிட்டு, கண்ணாடி அறைக்கு ஓடினேன்.

மேடம் தன் திரையில் பார்த்தார். வண்டி சரியாகப் பதிவாகியிருந்தது. அதைச் சொல்ல என்னோடு எடைமேடைக்கே வந்தார்.

"உங்க வண்டி உள்ள இருக்குங்க ஐயா."

"உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியும்மா. எனக்கு எப்பிடித் தெரியும்?"

மேடம் கோபப்படவில்லை. பிரிண்டரைக் காட்டிக் கேட்டார். "எது வந்தா நீங்க வண்டிய எடுப்பீங்க?"

"பழையபடி அம்மாம் நீளம் வேணாம். வண்டி நெம்பரு, எடை. ரெண்டு வந்தா போதும். எழுத்து எனக்குத் தெரியாது, நெம்பரு தெரியும்."

ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று மாமா கேட்டதை நான் மேடத்திடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் மாடுகளுக்குக் கரும்புத் தோகையைப் போட்டுவிட்டு எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு பிரிண்டர் ஒரு தடவை கத்தியது. ஒரே வரி. வண்டி நம்பர், நல்ல இடைவெளி விட்டு எடை. வேறு எதுவும் இல்லை. மேடம் ஆளனுப்பிச் சொன்னது: தப்பு என்றால் எழுத்து இரட்டை அகலத்தில் வரும், எட்ட இருந்தே தெரியும். வண்டி இல்லாத நேரத்திலும் அவ்வப்போது ஒரு புள்ளி வைக்கும். புள்ளியும் வராவிட்டால் ஒயரைப் பாருங்கள்.

நான் அந்த வரியைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினேன். மாமா அதை வண்டிப் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருந்த நம்பரோடு வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்தார். மாட்டைத் தட்டினார்.

பின்னால் இருந்த அவருடைய இரண்டு வண்டிகளும் அப்படியே போயின. பாகூர்க்காரர் தன் முறை வந்ததும், அவசரம் எல்லாம் மறந்து, வரி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வண்டியும் காலியாகத் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கும் ஒரு வரி வந்தது. மாமா நான் கிழித்துக் கொடுத்த துண்டுகளையெல்லாம் மாட்டின் முதுகில் பரப்பி, விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செரி மாப்ள. தங்கச்சிகிட்ட சொல்லு, கரும்பு போய்ச் சேந்துடுச்சின்னு."