லிங்கனுக்குக் கோட்டு தைத்தவர்

வளைகுடாவில், தேரா படகுத்துறைக்குப் பின்சந்தில் கந்தூரா தைக்கிற கீழக்கரை சதக்கத்துல்லாவைத் தெரியாதவர் எங்கள் கட்டிடத்தில் கிடையாது. அரபிகள் உடுத்தும் அந்த நீள வெள்ளை அங்கியை அவர் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவார். ஒருமுறை அவர் தும்மி முடிப்பதற்குள் கத்தரி தானாக ஓடி அங்கியின் ஒரு கை முழுவதையும் வெட்டிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான்.

அமெரிக்க வரலாறு அவருக்குக் காது வழியாக வந்தது. மகள் ருமைஸா அமெரிக்கப் பாடம் நடத்தும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவள் உரக்கப் படிப்பாள். இவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்.

“சைக்கிள் கடை வச்சிருந்த அண்ணன் தம்பி பிளேன் செஞ்சாங்களா? அந்நேரம் கடைய யாரு பாத்துக்கிட்டா?”

“பாடத்துல அதெல்லாம் இல்ல வாப்பா.”

“அதைத்தானே மொதல்ல எழுதணும்.”

ஆண்டுக்கு ஒருநாள் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் அமெரிக்கத் தலைவர்களாகவும் கண்டுபிடிப்பாளர்களாகவும் வேடம் கட்டுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் உடுப்பு பெட்டியில் வந்து இறங்கும். தனக்கும் பெட்டிதான் வேண்டும் என்பாள் ருமைஸா. தையற்காரர் வீட்டில் கடை உடுப்பு. அந்த வேடத்தை ஒருமுறையாவது தன் கையால் தைத்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை.

இந்த ஆண்டு அவள் ஆபிரகாம் லிங்கன். அவள் அளவுக்குக் கோட்டு எங்கும் கிடைக்கவில்லை.

“நீங்களே தைங்க. ஆனா ஸ்கூலுக்கு உம்மா வந்தா போதும்” என்றாள்.

அவர் செல்போனில் லிங்கனின் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். மீசை மழித்த தாடி.

“நம்மூரு பள்ளிவாசல் ஆலிம்சா கணக்கா இருக்காரே” என்றார்.

அந்த நினைப்புதான் கெடுத்தது. கை பழகிய பாதையில் போயிற்று. கறுப்புத் துணிதான், நீளமும் சரிதான். ஆனால் முன்பக்கம் நெஞ்சுக்குக் கீழே மூடித் தைத்திருந்தது. தலை வழியாகத்தான் போட முடியும். கழுத்தில் லிங்கன் கட்டியிருந்த முடிச்சைக் குஞ்சம் என்று எண்ணி, கந்தூராவுக்கு வைப்பதுபோல் அழகான நூல் குஞ்சம் ஒன்றையும் தொங்கவிட்டிருந்தார்.

விழா நாள் காலைதான் வேலை முடிந்தது. அவரே கொண்டு ஓடினார். மேடைக்குப் பின்னால் ருமைஸா பொட்டலத்தைப் பிரித்தாள். அவள் உம்மா ஆபிதாதான் வாயைத் திறந்தாள்.

“என்னங்க இது, லிங்கன் ஜும்மாவுக்கா போறாரு?”

அப்போதுதான் அவருக்கே கண் திறந்தது. “கத்தரி குடு, குஞ்சத்தையாவது வெட்டிர்றேன்” என்று தடுமாறினார். கத்தரி கடையில் இருந்தது. பல்லால் கடிக்கக் குனிந்தார்.

ருமைஸா அவர் முகத்தைப் பார்த்தாள். உடுப்பைப் பிடுங்கித் தலை வழியே போட்டுக்கொண்டாள். “யல்லா, சீக்கிரம், நீங்க போய் உக்காருங்க.”

உட்கார அவருக்குத் துணிவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றார்.

அடிமைகளை விடுவித்ததைப் பற்றி அவள் இங்கிலீஷில் கணீரென்று பேசினாள். முன்வரிசையில் சிரிப்பு ஓடியது. கந்தூரா உடுத்திய ஓர் எமிராத்தித் தாத்தா மட்டும் தன் குஞ்சத்தைத் தடவியபடி தலையாட்டினார். மைக்கைப் பிடித்திருந்த கஜந்தி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. சிரிப்பில் அவள் தடுமாறிவிடக் கூடாது என்று தமிழிலேயே கேட்டார்.

“லிங்கன் ஐயா, உங்கட கோட்டு வடிவாத்தான் இருக்கு. ஆர் தச்சது?”

“எங்க வாப்பா, மிஸ். பின்னால நிக்கிறாங்க” என்று ருமைஸா கை நீட்டினாள்.

அரங்கமே திரும்பியது. யாரைக் காட்டுகிறாள் என்று சதக்கத்துல்லாவும் திரும்பி, தனக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தார்.