பாடகர் குழுவுக்குப் போன பதில்

டிசம்பர் வந்தால் எங்கள் தேவாலயப் பாடகர் குழு வீடு வீடாகப் போய் கேரல் பாடும். யார் வீட்டுக்கு எப்போது வரலாம் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. பதில்கள் குழுச் செயலாளருக்குப் போக வேண்டுமாம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, டேப்லெட்டின் அமைப்புகளுக்குள் புகுந்து, பதில் முகவரி என்ற இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. அன்று எனக்கிருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே, மகனுக்குப் பெண் பார்க்க எப்போது வரலாம் என்று கிள்ளானில் இருக்கும் பெண் வீட்டுக்கு எழுதினேன். பெண்ணின் அப்பா எதையும் மின்னஞ்சலில்தான் பேசுவார்; வாட்சாப் வம்புக்குத்தான் லாயக்கு என்பது அவர் கட்சி. வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்த என் மகன், இந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்துத்தான் முதல்முறையாகச் சரி என்றிருந்தான்.

பதில் வரவே இல்லை.

"போன் போட்டுக் கேளு லா," என்றார் கணவர்.

"நான் ஏன் போடணும்? நான் மாப்பிள்ளையப் பெத்தவ."

மகன் மீன்குழம்புச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

கேரல் சனிக்கிழமை, கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போடுபவருக்கு இருமல். முகம் தொங்கிக் கிடந்த மகனுக்கே சிவப்பு அங்கி மாட்டி, பஞ்சுத் தாடி ஒட்டி, வயிற்றில் தலையணை கட்டி வேனில் ஏற்றினேன். செயலாளர் வழி சொல்ல, கிள்ளானில் ஒரு வீட்டு வாசலில் இறங்கி முழுத் தொண்டையில் ஆரம்பித்தோம். நான் டம்பொரின் அடித்தேன்.

கதவைத் திறந்தது படத்தில் பார்த்த அதே பெண். பட்டுப்புடவை, மல்லிகை. பின்னால் தட்டில் கேசரியும் கறிபாப்பும். என் கை அப்படியே நின்றது.

"பொண்ணு பாக்க இத்தன பேரா வந்திருக்கீங்க?" என்றார் அவள் அப்பா.

செயலாளர் கைபேசியை நீட்டினார். "நீங்கதானே அங்கிள் எழுதினீங்க? சனிக்கிழமை வாங்க, எத்தன பேர் வந்தாலும் சந்தோஷம்னு. தலைப்புகூட வீட்டு வருகைதான்."

"அது மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதுனதுங்க."

கர்த்தாவே! கேரல் கடிதத்துக்கென்று நான் போட்ட பதில் முகவரி என் எல்லாக் கடிதங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழுவே என்னைத் திரும்பிப் பார்த்தது. டம்பொரினை வைத்து எவ்வளவு முகத்தைத்தான் மறைக்க முடியும்?

"அப்போ மாப்பிள்ளை வரலையா?" என்றாள் பெண்ணின் அம்மா.

கிறிஸ்மஸ் தாத்தா மெல்லக் கையைத் தூக்கினார்.

பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தாடியக் கொஞ்சம் கழட்டுறீங்களா? முகத்தப் பாக்கணும்ல."

அவன் இழுத்தான். பாதிதான் வந்தது. மீதியை அவளே பிய்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லையே," என்றான், கண்ணில் நீர் முட்ட.

வீடு வந்ததும் மன்னிப்புக் கேட்டு அவள் அப்பாவுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் முகவரியை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மறுநாள் ஆராதனைக்குள் நுழைகிறேன், பாடகர் குழு மொத்தமும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறது. பெண்ணுக்குச் சம்மதமாம்.