தன் கேள்விக்கு மேல் தானே கேட்டவர்

ஓசூரில் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் சவரியப்பனுக்குப் பழைய கடிகாரம் என்றால் உயிர். வெள்ளைக்காரத் துரைகள் ஊரைக் காலி செய்தபோது, அவர்கள் சாமான் ஏலத்துக்கு வந்த இடமெல்லாம், பெங்களூர் வரைக்கும் போய், சங்கிலி வைத்த சட்டைப்பைக் கடிகாரங்களாகப் பொறுக்கி வந்தவர். காலையில் எழுந்ததும் அத்தனைக்கும் சாவி கொடுத்து முடிக்காமல் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

ஐம்பத்து நாலாம் வருடம் அந்தோணியார் திருவிழாவில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். ஒரு சேவல் ஐந்து ரூபாய்க்குப் போனது. அடுத்து வந்தது ஒரு வெள்ளிக் கடிகாரம்.

“அஞ்சு ரூபா!” என்றார் சவரியப்பன். அவர் ஆசை ஊருக்கே தெரியும். போட்டிக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“ஒரு தரம், ரெண்டு தரம்...” என்று இழுத்தார் உபதேசியார் அருள்ஜோசப்.

“பத்து!” சவரியப்பனேதான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உபதேசியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. “யோவ், உன் கேள்விக்கு மேல நீயே கேக்கறியே!”

“பதினஞ்சு!” என்று கத்தினார் சவரியப்பன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. இப்பேர்ப்பட்ட கடியாரத்தைச் சேவல் வெலைக்கு வாங்கிட்டுப் போயி, காலையில அது மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”