ஈப்பெட்டியும் பாவாடை நாடாவும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆஹென் நகரில், பல்கலைக்கழகத்தின் உலோக ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். விடுமுறை நாள்களில், என்னோடு வேலை செய்த ஜெர்மானிய நண்பர் ஒருவர் என்னைத் தம் காரில் ஐஃபெல் மலையோடைகளுக்கு ட்ரவுட் மீன் பிடிக்க அழைத்துப் போவார். அவர் தண்ணீரிலேயே வளர்ந்தவர். எனக்கு நீச்சல் தெரியாது.

இந்த மீனுக்குப் புழு கோர்ப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, அதை ஈ என்கிறார்கள். நீர்மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதற்கேற்ற ஈயை ஓடை நடுவே நின்றபடி மாற்றிக் கட்ட வேண்டும். என் பழைய ஈப்பெட்டியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். ஒருநாள், நீரோட்டத்தில் கால் நிலைக்க ஊன்றும் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திறந்தபோது பெட்டி நழுவியது. எட்டிப் பிடிக்கப் பாய்ந்தேன். மார்பு வரை ஏறும் ரப்பர் உடைக்குள் தண்ணீர் இறங்கியது. கால்கள் கல்லாய்க் கனத்தன. நண்பர் என் காலரைப் பற்றிக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

அதன்பிறகு குளியல் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்க் குழாயை மூடினேன். ஆனாலும் ஓடைக்குப் போகாமல் விட்டால், அந்தப் பயம் வீட்டுக்குள் குடியேறிவிடும் என்று தோன்றியது. ஒரு கையால் திறக்கும் பெட்டி வாங்கிவிட்டால் ஆபத்தில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆபத்து பெட்டியிலயா இருக்கு?" என்றாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல நான் யார்கிட்டப் போய், எந்த பாஷையில சொல்லுவேன்?" என்றாள். ஆனாலும் தூண்டில் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மேசைமேல் பெட்டிகளைப் பரப்பினார். இடது கையைக் கோட்டுப்பையில் விட்டுக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன்.

"அந்தக் கைக்கு என்ன ஆயிற்று?" என்றார்.

"அது ஊன்றுகோலைப் பிடித்திருக்கிறது."

அவர் என் கோட்டுப்பையைப் பார்த்துத் தலையாட்டினார். மரப்பெட்டியை ஒதுக்கினேன், ஈரத்தில் உப்பி மூடி இறுகிவிடும். அடுத்தது தனித்தனி அறைகளும் அவற்றுக்கு ஸ்பிரிங் மூடிகளும் உள்ள பெட்டி. ஓர் அறையைத் திறந்து, ஓடைக்காற்றை நினைத்து உள்ளே ஊதினேன். ஈ பறந்து கடைக்காரரின் கம்பளிச் சட்டையில் முள்ளோடு மாட்டிக்கொண்டது.

"ஆக, இன்றைக்கு முதல் மீன் நான்தான்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடைசியில் மெல்லிய அலுமினியப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் மூடி திறக்கும்; ஈக்களை உள்ளே கிளிப்புகள் கவ்விப் பிடித்திருக்கும்; ஓரத்தில் ஒரு வளையம்.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பழைய பாவாடையிலிருந்து நாடாவை உருவி, பெட்டியின் வளையத்தில் கோர்த்து என் கழுத்தில் மாலையாகப் போட்டு, இரு முனைகளையும் நெஞ்சருகே சேர்த்து முடிந்தாள். முடிச்சின் வால் என் மார்பில் தொங்கியது. அது வாலை இழுத்தால் அவிழும் உருவாஞ்சுருக்கு.

"கடுமுடிச்சாப் போடு. இது அவுந்துடும்," என்றேன்.

"அவுறணும்னுதான் போடறேன். நாடாவுல கடுமுடிச்சு விழுந்தா அவசரத்துக்கு என்ன பாடுன்னு பொம்பளைங்களைக் கேளுங்க."

"பெட்டி ஆத்தோட போயிடுமே."

"போகட்டும். நீங்க வந்து சேருங்க."

அடுத்த முறை ஓடையில் நண்பர் வளைவுக்கு அப்பால் போயிருந்தார். நான் முழங்கால் ஆழத்திலேயே நின்றேன். பெட்டி ஒரு கையிலேயே திறந்தது. கடையில் பார்த்தது வீண்போகவில்லை. அதை மூடித் தொங்கவிட்டு, ஓர் அடி வைத்தேன். பாசிக்கல் வழுக்கியது. மண்டியிட்டு விழுந்தேன். பெட்டி நீரோட்டத்தோடு ஓடிக் கரையோர மரத்தின் வேருக்குள் செருகிக்கொண்டது. நாடா விறைத்து என் கழுத்தைக் கீழே இழுத்தது. முகவாய் தண்ணீரைத் தொட்டது. கூப்பிட வாயைத் திறந்தால் தண்ணீர் புகுந்துவிடும்.

ஒரு கை ஊன்றுகோலை விடவில்லை. இன்னொரு கை, பழக்கதோஷம், பெட்டியை நோக்கித்தான் நீண்டது. வேர் எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் இன்னும் குனிய வேண்டும். கையை மடக்கி மார்பில் தடவினேன். முடிச்சின் வால் அகப்பட்டது. இழுத்தேன்.

முடிச்சு அவிழ்ந்து நாடா வளையத்தை விட்டு உருவிக்கொள்ள, தலை சட்டென்று நிமிர்ந்தது. கரையேறிப் புல்லைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். பெட்டி எந்த வேரில் கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைத்தான் பார்த்தாள். வெறும் நாடா ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் என் கழுத்தில் சிவந்திருந்த கோட்டைத் தொட்டு விலகின.

"இழுத்தீங்களா?"

"இழுத்தேன்."

நாடாவைக் கழற்றிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். போட்ட பிறகும் அதன் முனையை வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தாள்.